ஃபியூஸ் ஏன் போகவில்லை?

பாலக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூட அந்த ஊர்த் தக்காளியில் ரசம் வைத்திருப்பார்கள். தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் ஊர். தக்காளிச் சந்தைதான் அதன் அடையாளம். சந்தையைத் தாண்டி மாரண்டஅள்ளிப் பக்கம் போனால் தோட்டங்கள், தென்னை, மா, அதற்கப்பால் காடு. பல ஊர்ப் பெயர்களின் வாலில் ‘கொட்டாய்’ ஒட்டிக்கொண்டிருக்கும். தோட்டத்துக்கு நடுவிலேயே வீடு. பகலெல்லாம் பயிரோடு மல்லுக்கட்டு, ராத்திரி காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டு.

2023 மார்ச் 7ஆம் தேதி காலை, மாரண்டஅள்ளி அருகே காளிக்கவுண்டர் கொட்டாயில் ஒரு தோட்டத்தில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலி. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்துவிட்டன. தப்பித்தவை ஓடிப்போகாமல் அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தமிழ்நாடே செல்போனில் பார்த்தது. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார்: “ஏப்பா, அயர்ன் பாக்ஸ் வயர் லேசா ஒட்டிக்கிட்டாலே வீட்டுல பீஸ் போயிடுது. வேலியில ஒரு உயிர் மாட்டித் துடிக்குது, அதுக்கு மட்டும் ஏன் பீஸ் போகல?”

நியாயமான கேள்வி. பதில் சொல்ல இன்ஜினீயர் வேண்டாம். ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் தெரிந்தால் போதும்.

வோல்ட் என்பது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம். ஆம்பியர் என்பது உண்மையில் ஓடுகிற கரண்ட். சொட்டுநீர் போட்ட தோட்டத்துக்காரருக்கு இது சுலபமாகப் புரியும்: மேல்தொட்டியின் உயரம் வோல்ட், குழாயில் ஓடும் தண்ணீரின் வேகம் ஆம்பியர். குழாய் எவ்வளவு ஒல்லியோ, எவ்வளவு அடைத்திருக்கிறதோ, அது தடை. அதற்குப் பெயர் ஓம்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வரும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும், அதாவது அந்தச் சாதனம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு சக்தியை விழுங்குகிறது என்பது. அவ்வளவுதான் பாடம்.

வகுத்தலைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன், கியோர்க் ஓம். கொலோன் நகரப் பள்ளியில் வாத்தியார். அந்தக் கால பேட்டரிகள் நிமிஷத்துக்கு ஒரு அழுத்தம் காட்டின. அதை நம்பாமல், இரண்டு உலோகங்களின் முனைகளைச் சூடும் குளிருமாக வைத்து ஒரே சீரான அழுத்தத்தை உண்டாக்கி, வெவ்வேறு நீளக் கம்பிகளில் கரண்டை அளந்தார். 1827இல் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வேலையையும் விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்த பிறகுதான் ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்போனிலிருந்தே ஆரம்பிக்கலாம். சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் ஏதோ இருக்கும். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்குங்கள்: 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். ‘ஃபாஸ்ட் சார்ஜர்’ என்று கடைக்காரர் சொன்னதன் அர்த்தம் இந்தப் பெருக்கல்தான்.

அடுத்தது அயர்ன் பாக்ஸ். 1,000 வாட் என்று போட்டிருக்கும். வீட்டு கரண்ட் 230 வோல்ட். 1,000ஐ 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். மறுபடி 230ஐ 4.35ஆல் வகுத்தால் 53 ஓம். அந்த 53 ஓம்தான் உள்ளே சுருண்டிருக்கும் கம்பியின் குணம். ஊருக்கெல்லாம் லோ வோல்டேஜ் வரும் நேரத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 180ஐ 53ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர், பெருக்கினால் சுமார் 610 வாட். வோல்ட் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் குறைந்தது. சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. பள்ளிக்கூடச் சட்டையை எத்தனை தடவை தேய்த்தாலும் கசங்கல் போகாததற்குக் காரணம் அம்மாவின் கை இல்லை.

கிணற்று மோட்டார் மட்டும் இதற்கு நேர்மாறு. அது வெறும் கம்பி இல்லை, சுற்றியாக வேண்டும். வோல்ட் குறைந்தால், வேலையை விடாமல் செய்வதற்காகக் கரண்டைக் கூடுதலாக இழுக்கும். காயில் சூடேறிப் புகைவது அதனால்தான். மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கினால் உண்மையான வாட்டைவிட அதிகமாகத்தான் வரும். மூன்று ஃபேஸ் என்றால் கணக்கே வேறு. இந்தக் கணக்கை மோட்டாரிடம் கொண்டுபோகாமல் பல்பு, ஹீட்டர், அயர்ன் பாக்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனாலும் மோட்டாரிடமிருந்து ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார் கிளம்பும் சில நொடிகளில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கவேண்டும் என்பதால் மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஃபியூஸ் தடிமனாகத்தான் இருக்கும். ‘அடிக்கடி போகுதே’ என்று நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டிவைப்பவர்களும் உண்டு.

இப்போது பழைய 60 வாட் குண்டு பல்புக்கு வருவோம். திண்ணையில் மஞ்சளாக எரியுமே, அது. 60ஐ 230ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230ஐ 0.26ஆல் வகுத்தால் சுமார் 880 ஓம்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 880 காட்டாது. எழுபதுக்குப் பக்கத்தில் ஏதோ காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. இழை குளிர்ந்திருக்கும்போது தடை அவ்வளவுதான். எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடேறித் தடை பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. கழற்றி வைத்த பொருளை அளப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் பொருளின் வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் உண்மைக்கு அருகில் என்று அனுபவப்பட்ட எலெக்ட்ரீஷியன் சொல்வது இதனால்தான்.

சரி, மனித உடம்புக்கு எத்தனை ஓம்?

காய்ந்த தோல் என்றால் பல ஆயிரம், சில நேரம் லட்சத்தையும் தொடும். கை ஈரமாக இருந்தால், வியர்த்திருந்தால், வெறுங்காலோடு தண்ணீர் பாய்ச்சிய வரப்பில் நின்றால் அது மளமளவென்று இறங்கிவிடும். பாதுகாப்புக் கணக்குகளில் பொதுவாக வைத்துக்கொள்ளும் எண் சுமார் 1,000 ஓம். குண்டு பல்பின் 880 ஓமுக்குப் பக்கத்து வீடு.

இனி வகுத்துப் பாருங்கள். 230ஐ 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். மில்லி ஆம்பியரில் சொன்னால் 230. பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியரிலேயே கைத் தசை இறுகி, பிடித்த கம்பியை விடமுடியாமல் போகும். முப்பதைத் தாண்டினால் மூச்சு திணறும். ஐம்பது, நூறு என்று போய் ஒரு நொடிக்கு மேல் நீடித்தால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கும். 230 மில்லி ஆம்பியரில் உயிர் பிழைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதையே பெருக்கிப் பாருங்கள். 230 வோல்ட், 0.23 ஆம்பியர்: 53 வாட். ஒரு குண்டு பல்பு.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் இதுதான். 16 ஆம்பியர் தாங்கும் ஃபியூஸுக்குக் கால் ஆம்பியர் என்பது யாரோ திண்ணை விளக்கைப் போட்ட மாதிரி. அந்த முனையில் எரிவது பல்பா, ஆளா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. அயர்ன் பாக்ஸ் வயர் ஒட்டும்போது நடப்பது வேறு: ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட, நடுவில் தடையே இல்லாமல் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. ஃபியூஸ் உருகுகிறது. வயர் சூடேறி வீடு பற்றிக்கொள்ளக்கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. ஆளைக் காப்பாற்றும் வேலையை அதனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

வேலிக் கம்பி நழுவி ஈரப்புல்லில் விழுந்து கிடந்தாலும் இதே கதைதான். மண்ணுக்குப் போகும் வழியில் 50 ஓம் தடை என்று வைத்துக்கொண்டால் 4.6 ஆம்பியர் ஓடும். பெருக்கினால் ஆயிரம் வாட்டுக்கு மேல். ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு கரண்ட் ராத்திரி முழுக்க மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் ஃபியூஸ் அப்போதும் அசையாது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம். பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டரும் கிடையாது. அதனால் பில்லைப் பார்த்தும் தெரியாது. காலையில் மடை திருப்ப வருகிறவர்தான் முதலில் கண்டுபிடிப்பார், காலால்.

பன்றிக்காகப் போடுகிற வேலியில் மாட்டுவது பன்றி மட்டுமில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், ராத்திரி மாடு தேடிப் போனவர், சில வீடுகளில் வேலி போட்டவரே கூட. தொட்டவர் யார் என்று பார்த்து வகுத்தல் கணக்கு மாறுவதில்லை.

“அப்படியென்றால் சோலார் வேலி மட்டும் எப்படி? அதில் ஐயாயிரம், எட்டாயிரம் வோல்ட் என்கிறார்களே?” என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி. வோல்ட்டை மட்டும் பார்த்தால் சோலார் வேலிதான் எமன், வீட்டு கரண்ட் சாது. உண்மையில் தலைகீழ்.

முறையான சோலார் வேலியின் மூளை ‘எனர்ஜைசர்’ என்ற பெட்டி. பேட்டரியிலிருந்து எடுத்த கரண்டை அது தொடர்ச்சியாக விடாது. நொடிக்கு ஒருமுறை ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குகூட நீடிப்பதில்லை. வோல்ட் எகிறினாலும், ஓடும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு. ஒரு சொடுக்கில் போகக்கூடிய மொத்தச் சக்திக்கும் சர்வதேசத் தர விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன: 500 ஓம் தடையில் 5 ஜூல். வீட்டு கரண்டில் மாட்டியவர் உடம்பிலோ ஒவ்வொரு நொடியும் 53 ஜூல், இடைவெளியே இல்லாமல். ஜூல் என்பது வாட்டை நொடியால் பெருக்கிய எண், வேறொன்றுமில்லை. அதைவிட முக்கியம் அந்த ஒரு நொடி இடைவெளி. சுரீர் என்று அடித்ததும் யானை துதிக்கையை இழுத்துக்கொள்ளலாம், பன்றி பின்வாங்கலாம், மனிதர் கையை எடுத்துக்கொண்டு திட்டலாம். 230 வோல்ட் நேர்க் கம்பி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. தசையை இறுக்கித் தன்னோடு பிடித்துக்கொள்கிறது.

2023இல்தான் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் தனியாக விதிகள் கொண்டுவந்தது. சோலார் வேலியே ஆனாலும் வனத்துறையிடம் அனுமதி வாங்கவேண்டும். மெயின் லைனிலிருந்து நேராகக் கம்பி இழுப்பதற்கு யாரும் எந்த அனுமதியும் தரமாட்டார்கள். அது மின்திருட்டு, உயிர் போனால் அதற்குமேல் வழக்கு. பயிர் சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறதே என்றால், அது கைக்கு வருவதற்குள் அடுத்த போகம் வந்துவிடும் என்பது விவசாயிகளின் புலம்பல். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காத்தும், விடிந்து பார்த்தால் பாதிக் காட்டைப் பன்றி உழுது போட்டிருப்பதைப் பார்த்தவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் அந்தக் கால் ஆம்பியருக்கு இதெல்லாம் தெரியாது.

தோட்டமே இல்லாதவர்கள் ‘நமக்கென்ன’ என்று ஸ்க்ரோல் செய்துவிடவேண்டாம். ஃபியூஸ் வாயைத் திறக்காத இன்னொரு இடம் உங்கள் குளியலறைக்கு வெளியே இருக்கும் பிளக் பாயின்ட்.

2,000 வாட் கீசர் என்று வையுங்கள். 8.7 ஆம்பியர், தடை 26.4 ஓம். பிளக் பின் லூசாகி, தொடும் இடத்தில் அரை ஓம் தடை கூடிவிட்டது. மொத்தத் தடை 26.9. கரண்ட் இப்போது 8.55 ஆம்பியர். கவனித்தீர்களா, கரண்ட் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஃபியூஸ் இன்னும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த அரை ஓமில் என்ன நடக்கிறது? 8.55ஐ அரையால் பெருக்கினால் 4.3 வோல்ட் அங்கேயே இறங்குகிறது. அதை மறுபடி 8.55ஆல் பெருக்கினால் சுமார் 36 வாட் சூடு, பட்டாணி அளவு இடத்தில். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளக் கறுத்து, பிளாஸ்டிக் வாடை அடிப்பது ‘ஓவர் லோடு’ என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் லூஸ் கனெக்‌ஷன். கறுத்த பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சொருகாதீர்கள். சாக்கெட்டோடு மாற்றிவிடுங்கள், செலவு சில நூறு ரூபாய்.

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம், எந்தக் கம்பியையும் தொடாமல். ஈ.பி. மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்ற எண் அச்சடித்திருக்கும். 3,200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டு, அது சூடேறித் தானாக அணைவதற்குள், பிள்ளைகளை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். 53 சிமிட்டல் வந்தால் அது அசல் 1,000 வாட். 60ஆல் பெருக்கி 3,200ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். வாட் தெரிந்ததும் ஆம்பியர், ஆம்பியர் தெரிந்ததும் ஓம். எட்டாம் வகுப்புப் பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைவிட நன்றாகப் போகாது.

பிறகு அயர்ன் பாக்ஸையும் அணைத்துவிட்டு, ஃப்ரிட்ஜையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் மீட்டர் சிமிட்டினால் எங்கோ ஏதோ கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மறந்துபோன டிவி பெட்டியாக இருக்கலாம். சுவருக்குள் ஈரத்தில் கசியும் வயராகவும் இருக்கலாம். 53 வாட் கசிவு என்றால் நிமிடத்துக்கு மூன்று சிமிட்டல்கூட இருக்காது, பொறுமையாகப் பார்க்கவேண்டும்.

இந்தக் கசிவைப் பிடிப்பதற்கென்றே இருக்கும் கருவியின் பெயர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும். யாரோ ஒருவர் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் மண்ணுக்குப் போனால் கணக்கு இடித்து, லைனைத் துண்டித்துவிடும். 230 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் துண்டித்தாக வேண்டும் என்பது விதி. ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் மட்டும் அதற்கும் தெரியாது. போன கரண்ட் அப்படியே திரும்பி வந்துவிடுகிறதே.

உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் அது இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். சாதாரண ட்ரிப்பர் மாதிரியே இருக்கும், ஆனால் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பட்டன் கூடுதலாக இருக்கும். கம்ப்யூட்டரில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் சொல்லிவிட்டு, அதை அமுக்குங்கள். ‘டக்’ என்று விழவேண்டும். விழவில்லை என்றால் நாளைக்கு வரச்சொல்லி எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்கள்.